கருவி விளக்கமும் அதன் வாசகனும் – ஒரு விமரிசன நோக்கு

1

விமரிசனம் என்றதும் நம் நினைவுக்கு வருவன கவிதை, நாவல், சிறுகதை, நாடகம் ஆகியனவே. உரைநடையை ஆராயப் புகுவோரும் பெரும்பாலும் ஆக்க இலக்கிய உரைநடையோடு நின்றுவிடுகின்றனர். மருந்துப் போத்தலின் மேல் ஒட்டப்பட்ட கடதாசியிலுள்ள நான்கு வரிகளும், உரப்பையின் பின்புறத்தில் அச்சிடப்பட்ட அறிவுறுத்தலும் உரைநடையே என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். கவிதை பிழைத்தால் வாசகனுக்குச் சிறிது சலிப்பு ஏற்படும். அறிவுறுத்தல் பிழைத்தால் அவனது பயிர் கருகிவிடும். பயன்பாட்டு எழுத்து என்று ஒதுக்கப்பட்ட இவ்வகையை இலக்கிய மாணவர் தமது நோக்கெல்லைக்குட் கொண்டுவருதல் வேண்டும் என்ற எண்ணமே இக்கட்டுரைக்குத் தூண்டுதலாயிற்று.

ஈண்டு ஆராய எடுத்துக்கொள்ளப்படுவது, மென்பொருட் கருவிகளுக்கு அவற்றை ஆக்கியோர் எழுதும் விளக்கமாகும். ஒரு கருவி யாது செய்யும், அதற்கு எவற்றைக் கொடுக்க வேண்டும், அது எவற்றைத் திருப்பித் தரும் என்பனவற்றைக் கூறும் சில வரிகளையே இங்கு விளக்கம் என்கின்றோம். அண்மைக் காலம்வரை இவ்வரிகளை வாசித்தவர்கள் மனிதர்கள் மாத்திரமே. இன்று மனிதரல்லாத ஒரு வாசகர் தோன்றியுள்ளது. செயற்கை நுண்ணறிவு முகவர் என அது வழங்கப்படுகின்றது. ஒரு மொழிமாதிரியிடம் ஒரு பணியையும் சில கருவிகளின் பட்டியலையும் ஒப்படைத்தால், எக்கருவியை எப்பொழுது இயக்குவது என்பதை அதுவே தீர்மானித்து, இயக்கி, பெற்ற விடையை நோக்கி, அடுத்த அடியை எடுத்துவைக்கின்றது. பெரும்பாலான வேளைகளிற் கருவியின் உள்ளமைப்பை அது காண்பதில்லை. கருவியைப் பற்றி அது அறிவதெல்லாம் விளக்கத்தில் எழுதப்பட்டிருப்பதும், இயக்கியபின் கிடைக்கும் விடையுமே.

இப்புதிய வாசகரின் வருகையால் தெளிவான எழுத்துக்கு வேறொரு புதிய இலக்கணம் தேவைப்படுகின்றது என்று கூறுவோர் உளர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், கேட்டறிய எவரும் அருகில் இல்லாத வாசகனுக்கு எழுதுவது எவ்வாறு என்ற பழைய வினாவே இங்கு மீண்டும் எழுந்துள்ளது என்பதும், அவ்வினாவை நெடுங்காலம் தட்டிக்கழித்து வந்த தொழிலுலகம் இப்பொழுது அதற்கு முகங்கொடுக்க நிர்ப்பந்திக்கப்பட்டுள்ளது என்பதும் எனது துணிபு. அதனை நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலில் ஓர் அனுபவத்தைக் குறிப்பிடுதல் பொருத்தமாகும். சென்ற விடுமுறையில் கலைப்பீட மாணவர் மூவர், பழைய கட்டுரைக் கோப்புகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஒழுங்குபடுத்தும் பணியில் ஈடுபட்டோம். அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டுப் பின்னர் எழுத்துருக் குறிப்பு எதுவுமற்ற வெறும் எழுத்துக்கோப்புகளாகச் சேமிக்கப்பட்டவை. பாமினியில் தமிழெழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் அமர்ந்திருக்கும். ஆங்கிலச் சிறிய 'ஜே' இருக்கவேண்டிய இடத்தில் 'த' தோன்றும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே கண்ணிற் படும். இவற்றை யுனிகோட்டுக்கு மாற்றினாலன்றிப் பிற்காலத்தவர் தேடவோ வாசிக்கவோ இயலாது.

நண்பர் ஒருவர் தாம் ஆக்கிய மாற்றுக் கருவியை உவந்தளித்தார். அதன் விளக்கம் ஒரே வரி: 'எழுத்தை யுனிகோட்டுக்கு மாற்றும்.' கோப்புகள் மிகப் பலவாக இருந்தமையால், ஒரு செயற்கை நுண்ணறிவு முகவரிடம் அக்கருவியையும் கோப்புறையையும் ஒப்படைத்தோம். அரை மணி நேரத்தில் யாவும் நிறைவேறின என்று அது அறிக்கையிட்டது. திறந்து நோக்கியபோது, முழுவதும் தமிழில் இருந்த கோப்புகள் செவ்வனே மாறியிருந்தன. மொழியியற் கட்டுரைகளோ, ஆங்கிலக் கலைச்சொற்களும் ஆசிரியர் பெயர்களும் விரவியவை. அவற்றில் ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றும் பொருளற்ற தமிழெழுத்துக் கோவையாகச் சிதைந்து கிடந்தது. அதனினும் பெரிய இடர், கருவி தன் விடையை மூலக்கோப்பின் மேலேயே எழுதியிருந்தமையாகும். பதினொரு கோப்புகளுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. எழுத்தெழுத்தாகப் பின்னோக்கி மாற்றி மீட்க முயன்றோம். உயிர்மெய்க் குறிகள் இடம் பெயர்ந்திருந்தமையாற் பல சொற்கள் ஐயத்துக்கு இடமாயின; சில பெயர்களை இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை. எழுதியவர்களுள் ஒருவர் இப்பொழுது உயிருடன் இல்லை.

நண்பரிடம் சென்று முறையிட்டபோது அவர் உண்மையாகவே வியப்படைந்தார். 'பிரதி எடுத்துவிட்டுத்தான் இயக்க வேண்டும், ஆங்கிலம் கலந்ததைக் கொடுக்கக் கூடாது, அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே!' என்றார். விசாரித்தபோது அந்த 'எல்லாரும்' அவரும் அவரது அறையிலிருந்த இருவருமே என்பது புலனாயிற்று. எங்களுக்குத் தெரியவில்லை. முகவருக்கும் தெரியவில்லை. எனினும் எங்களுள் ஒருவர் தம் கையாற் செய்திருந்தால், முதற் கோப்பு சிதைந்தவுடனேயே பணியை நிறுத்தி நண்பரைத் தேடிச் சென்றிருப்பார். முகவர் செல்வதற்கு அறையும் இல்லை, நண்பரும் இல்லை. எழுதப்படாத இடத்தை அது ஊகத்தால் நிரப்பிக்கொண்டு மேலே சென்றது.

3

'எல்லாருக்கும் தெரிந்தது' என்ற இவ்வெண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கருவி விளக்கம் என்ற எழுத்து வகையின் செம்மையான தொடக்கம் எனக் கொள்ளத்தக்கது, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் ஆக்கிய யுனிக்ஸ் இயக்க முறைமையின் கைந்நூலாகும். அதன் முதற் பதிப்பு 1971 நவம்பர் 3ஆம் திகதியைத் தாங்கியது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பதிவு. ஒவ்வொரு பதிவும் பெயர், வடிவம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள், ஒப்புநோக்க வேண்டியவை முதலிய ஒரே வகைத் தலைப்புகளின் கீழ் அமைந்தது. இவற்றுள் இரண்டு தலைப்புகள் நம் கவனத்துக்குரியன.

ஒன்று 'வழுக்கள்' என்பது. கருவியை ஆக்கியோரே அதன் குறைகளை வெளிப்படையாக எழுதிவைத்தனர். தன் பொருளின் குறையைத் தானே கூறும் வணிகன் அரியன். ஆனால் வாசகனுக்கு மிகப் பயன்படுவது அக்கூற்றே. இவ்வகையில் யுனிக்ஸ் கைந்நூலின் நேர்மை போற்றத்தக்கது.

மற்றையது 'உடையவர்' என்ற தலைப்பு. கட்டளையை ஆக்கியவரின் பெயர் அங்கே சுருக்கமாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஐயம் தோன்றின் இவரிடம் செல்க என்பது அதன் உட்பொருள் எனலாம். விளக்கம் சுருங்கியிருந்தாலும் வாசகன் இடர்ப்படவில்லை. எழுதியவர் அதே கட்டிடத்தில் இருந்தார். பின்னர் யுனிக்ஸ் உலகெங்கும் உள்ள பல்கலைக்கழகங்களுக்குப் பரவியபோது, கைந்நூல் பயணஞ் செய்தது. அக்கட்டிடம் உடன் செல்லவில்லை. சுருக்கம் எஞ்சியது, சுருக்கத்தைத் தாங்கிநின்ற மனித உறவு அறுந்தது.

தமிழ் மாணவருக்கு இந்நிலைமை புதியதன்று. நமது இலக்கண நூல்கள் சூத்திர வடிவில் அமைந்தவை. சூத்திரம் சுருங்கியிருக்கலாம், ஏனெனில் அதனைப் பாடங் கேட்கும் மாணாக்கனின் எதிரே ஆசிரியர் இருந்தார். ஆசிரியர் தொடர்பு அற்றுப்போன காலத்தில் உரை எழுந்தது. உரையாசிரியர்கள் ஆற்றிய பணியின் பெரும்பகுதி, முன்னொரு காலத்தில் 'எல்லாருக்கும் தெரிந்ததாக' இருந்ததைத் தெரியாதாருக்கு எழுதிவைத்தலே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் தமது பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை வகுத்துக் கூறியுள்ளமையும் நாம் அறிந்ததே. பரீட்சைக்காக மனனஞ் செய்து மறந்துவிடும் அக்குற்றப் பெயர்கள், இன்றைய கருவி விளக்கங்களை நோக்குமிடத்துப் புதுப்பொருள் பெறுகின்றன.

மேனாட்டிலும் இக்குறையை உணர்ந்தோர் இருந்தனர். 1984இல் டொனால்ட் குனூத் 'எழுத்தறிவு சார்ந்த நிரலாக்கம்' என்று பெயர்க்கத்தக்க கொள்கையை முன்வைத்தார். கணினிக்குக் கட்டளையிடுவதை முதன்மையாகக் கொள்ளாது, கணினி யாது செய்ய வேண்டும் என்பதை மனிதருக்கு விளக்குவதையே முதன்மையாகக் கொண்டு நிரலை எழுதுக என்பது அதன் சாரம். நிரலாளர் உலகம் குனூத்தைப் போற்றியது. ஆனால் அவர் காட்டிய வழியிற் சென்றோர் சிலரே. மனித வாசகனுக்காகத் தெளிவாக எழுதுக என்ற வேண்டுகோள் பொதுவழக்காகவில்லை. நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், இயந்திர வாசகருக்காகத் தெளிவாக எழுதுக என்ற குரல் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலிக்கின்றது. இம்முரண் சிந்தனைக்குரியது.

4

முகவருக்கான விளக்கத்தின் வடிவம் எளியது. 2023 ஜூனில் ஓப்பன் ஏஐ நிறுவனம் தன் மொழிமாதிரிகள் வெளிக்கருவிகளை அழைப்பதற்கு வழிசெய்தது. 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் 'மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டோகோல்' என்ற பொது ஒழுங்கை வெளியிட்டது. இரண்டிலும் ஒரு கருவிக்கு மூன்று உறுப்புகள் அடிப்படையானவை: பெயர், விளக்கம், அது ஏற்கும் உள்ளீடுகளின் அமைப்பு. இவற்றில் நேரும் குறைகளைப் பவணந்தியார் கூறிய குற்றப் பெயர்கள் சிலவற்றின் துணைகொண்டு வகைப்படுத்தலாம்.

குன்றக் கூறல் முதலாவது. எங்கள் நண்பரின் ஒருவரி விளக்கம் இதற்குத் தக்க சான்று. எவ்வகை எழுத்தை, எந்நிலையில் மாற்றும். மூலத்தை அழிக்குமா, அழிக்காதா என்பன கூறப்படாமையே அழிவுக்குக் காரணமாயிற்று.

மயங்க வைத்தல் இரண்டாவது. ஓர் உள்ளீட்டுக்குப் 'பயனர்' என்று மாத்திரம் பெயரிட்டால், அங்கே வேண்டுவது பயனரின் பெயரா, இலக்கமா, மின்னஞ்சல் முகவரியா என்பது விளங்காது. 'பயனர் இலக்கம்' என்ற பெயரே விளக்கத்தின் பாதிப் பணியைச் செய்துவிடும். அந்த்ரோபிக் பொறியியலாளர் 2025இல் வெளியிட்ட அறிவுரையில் இதே எடுத்துக்காட்டு இடம்பெற்றுள்ளது. அவ்வாறே 'தேடு' என ஒரு கருவியும் 'கண்டுபிடி' என மற்றொரு கருவியும் அருகருகே இருந்து, இரண்டின் வேறுபாடு கூறப்படாவிடின், வாசகர் எவராயினும் தடுமாறுவர்.

மாறுகொளக் கூறல் மூன்றாவது. விளக்கம் நாள், மாதம், ஆண்டு என்ற ஒழுங்கை வேண்ட, எடுத்துக்காட்டோ மாதத்தை முன்வைத்தால், 04-07-2025 என்பது ஜூலை நான்கா, ஏப்ரில் ஏழா என்பதை யார் தீர்ப்பது? இலங்கை வாசகன் ஒன்றாகவும் அமெரிக்க வாசகன் மற்றொன்றாகவும் கொள்வான். முகவர் ஏதேனும் ஒன்றைக் கொள்ளும். எதைக் கொண்டது என்று அறிவிக்காமலும் இருந்துவிடும்.

மிகைபடக் கூறல் நான்காவது. 'ஆற்றல் மிக்கது', 'எளிமையானது', 'எத்தேவைக்கும் ஏற்றது' என்பன போன்ற விளம்பரச் சொற்கள் மனித வாசகனை ஓரளவே ஏமாற்றும். அவன் அவற்றைத் தாண்டிச் செல்லப் பழகியவன். முகவருக்கோ 'எத்தேவைக்கும் ஏற்றது' என்பது தேர்ந்தெடுப்பதற்கான காரணமாகவே அமைந்துவிடலாம். மேலும் ஒரு மொழிமாதிரி ஒரே வேளையிற் கருத்திற் கொள்ளக்கூடிய எழுத்துக்கு எல்லை உண்டு. கருவிகள் பலவற்றின் விளக்கங்கள் அவ்வெல்லைக்குள் இடம்பிடித்துக்கொண்டால், செய்யவேண்டிய பணிக்கு எஞ்சும் இடம் குறையும். எனவே தெளிவு என்பது நீளமன்று. வேண்டிய ஒவ்வொன்றையும் கூறி, வேண்டாத ஒன்றையும் கூறாமையே தெளிவு.

இக்குற்றங்களின் விளைவு கற்பனையன்று என்பதற்குப் பதிவான நிகழ்ச்சிகள் இரண்டைக் காட்டலாம். அந்த்ரோபிக் நிறுவனத்தார் 2024 டிசெம்பரில் எழுதிய கட்டுரையொன்றில், நிரற் பணி செய்யும் முகவரை உருவாக்குகையில், அதற்கு வழங்கிய முழுமொத்த அறிவுறுத்தலைவிடக் கருவிகளைச் செப்பனிடுவதற்கே கூடுதலான நேரத்தைச் செலவிட்டதாகக் கூறினர். முகவர் ஒரு கோப்புறையிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றபின், கோப்புகளின் இருப்பிடத்தைப் பிழையாகக் குறிப்பிட்டது. 'பக்கத்து வீடு' என்று முகவரி கூறினால், நிற்கும் இடம் மாறும்போது வீடும் மாறிவிடும் அல்லவா? அவர்கள் மேலும் ஓர் எச்சரிக்கையை எழுதி வைக்கவில்லை. முழு முகவரியை மாத்திரமே கருவி ஏற்கும்படி மாற்றினர். தவறு நின்றது. விளக்கத்தால் தடுக்க வேண்டிய பிழையைக் கருவியின் அமைப்பே தடுத்துவிடுமாயின், அதுவே தலைசிறந்த விளக்கம் என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது நிகழ்ச்சி 2025இல் அவர்கள் பதிவுசெய்தது. குளோட் என்னும் மொழிமாதிரி, இணையத் தேடற் கருவியைப் பயன்படுத்துகையில், தேவையின்றியே தேடற் சொற்களின் இறுதியில் '2025' என்ற ஆண்டைச் சேர்த்துக்கொண்டிருந்தது. தேடலின் விடைகள் இதனாற் கோணலாயின. மொழிமாதிரியை மாற்றாமல், கருவியின் விளக்கத்தைத் திருத்தியே அப்பழக்கத்தை நீக்கினர். சில சொற்களின் திருத்தம் ஓர் இயந்திரத்தின் ஒழுக்கத்தை மாற்றியது. உரைநடையின் நுட்பங்களைப் பயில்வோர் இத்துறையைப் பொறியியலாளருக்கு மாத்திரம் உரியதென விட்டுவிடலாமா என்று வினவத் தோன்றுகின்றது.

5

இவ்விடத்து ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். 2024இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர், நிரற்பிழை திருத்தும் முகவர் ஒன்றை ஆக்கியபோது, மொழிமாதிரி முகவர்கள் தமக்கேயுரிய தேவைகளும் ஆற்றல்களும் கொண்ட புதியவகைப் பயனாளர் என்றும், அவற்றுக்கெனத் தனியே இடைமுகங்கள் அமைத்தல் நன்று என்றும் வாதிட்டனர். அவர்களது ஆய்வின் பயன் மறுக்கத்தக்கதன்று. முகவர் சில வகைகளில் மனிதரின் வேறானதே. நேற்றுப் பட்ட அடியை அது, எழுதி வைத்தாலன்றி, இன்று நினைவிற் கொள்வதில்லை. விளங்காதபோது முகஞ்சுளிப்பதில்லை. வாசித்ததை எளிதில் நம்பிவிடுகின்றது.

ஆனால் முகவருக்கெனத் தனியே எழுதப்படுவனவற்றின் உள்ளடக்கத்தை நோக்குவோமாயின் வேறொன்று புலனாகும். மென்பொருட் திட்டங்களில் 'றீட்மீ' என்ற முகப்புக் கோப்பு மனிதருக்கென நெடுங்காலமாக இருந்து வருகின்றது. 2025இல் அதன் அருகே 'ஏஜென்ட்ஸ்' என்ற பெயரில் முகவருக்கெனத் தனிக்கோப்பு வைக்கும் வழக்கம் பரவியது. திட்டத்தை எவ்வாறு கட்டியெழுப்புவது, சோதனைகளை எக்கட்டளையால் இயக்குவது, எவ்வகை எழுத்துநடையைக் கைக்கொள்வது, எதனைத் தொடக்கூடாது என்பன அங்கே எழுதப்படுகின்றன. இவற்றுள் இயந்திரத்துக்கு மாத்திரம் வேண்டுவது யாது? புதிதாக வந்துசேரும் எந்த மனிதனுக்கும் முதல் நாளிலேயே வேண்டியவை இவை. அவன் கேட்டபோது பல இடங்களில் எழுதப்படாதவை இப்பொழுது எழுதப்படுகின்றன.

இதற்குக் காரணம் யாது? வாசகன் அடையும் துன்பம் எவருடைய கணக்கில் எழுதப்படுகின்றது என்பதிலேயே இதன் விடை தங்கியுள்ளது. தொலைவிலுள்ள ஒரு நாட்டின் மாணவன் விளங்காத விளக்கத்தோடு மூன்று இரவுகள் போராடினால், அவ்விரவுகளின் விலையை அவனே செலுத்துகின்றான். அவனது தோல்வி அவனது அறியாமை எனக் கொள்ளப்படும். கேட்கத் துணிந்தால், முதலிற் கைந்நூலை வாசித்துவிட்டு வருக என்ற ஏளனமே பன்முறை விடையாகக் கிடைக்கும். முகவர் அதே இடத்தில் தடுக்கி விழுந்தால், கட்டணம் நிறுவனத்தின் கணக்கில் ஏறுகின்றது, பிழை அளக்கப்படுகின்றது, விளக்கம் திருத்தப்படுகின்றது. தெளிவு என்பது எழுத்தாளனின் திறமையை மாத்திரம் பொறுத்ததன்று. எந்த வாசகனின் இடரைப் பொருட்படுத்துவது என்ற சமூகத் தீர்மானத்தையும் பொறுத்தது என்பது இதனால் விளங்கும்.

இதனைக் கசப்புடன் கூறவேண்டியதில்லை. முகவரின் பொருட்டு எழுதப்படும் தெளிவு மனிதனுக்கும் பயன்படும். ஆனால் அது மனிதனின் கண்ணுக்கும் எட்டும் இடத்தில் வைக்கப்படல் வேண்டும். இயந்திரத்துக்கு ஒரு விளக்கமும் மனிதனுக்கு ஒரு விளம்பரமுமாக எழுத்து இரு கூறாகப் பிரியுமாயின், மனித வாசகன் முன்னிருந்ததைவிடக் கீழ்நிலையை அடைவான்.

6

அப்பிரிவினால் விளையும் தீங்கு வசதிக்குறைவோடு முடிவதன்று. 2025 ஏப்ரிலில் இன்வேரியன்ட் லாப்ஸ் என்ற பாதுகாப்பாய்வு நிறுவனத்தார் ஒரு செய்முறையைக் காட்டினர். இரு எண்களைக் கூட்டும் எளிய கருவி ஒன்று; அதன் விளக்கத்துள், பயனரின் கணினியிலுள்ள மறைவான கோப்புகளை வாசித்து, அவற்றின் உள்ளடக்கத்தைக் கூட்டலுக்குரிய உள்ளீடுகளோடு சேர்த்து அனுப்புக என்ற கட்டளை ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. முகவர் அதற்குப் பணிந்தது. பயனரின் திரையிலோ கூட்டற் கருவியின் எளிய தோற்றமே தெரிந்தது. விளக்கம் என்பது வாசகருக்குச் செய்தி கூறும் எழுத்து என்ற எல்லையைக் கடந்து, வாசகரை ஏவும் எழுத்தாகவும் ஆகிவிட்டமையை இது காட்டுகின்றது. நஞ்சூட்டப்பட்ட விளக்கம் என்று இதனை அத்துறையினர் குறிப்பிடுகின்றனர்.

இதிலிருந்து ஒரு விமரிசனக் கோட்பாடு பெறப்படும். முகவர் வாசிக்கும் ஒவ்வொரு விளக்கமும், அம்முகவரை ஏவும் மனிதனும் முழுமையாக வாசிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். வாசிக்க வாய்ப்பிருந்தும் வாசியாதிருந்தால் அது நமது சோம்பல். வாய்ப்பே இல்லையெனில் அது வஞ்சனைக்குத் திறந்த வாயில். எழுத்தைக் கூர்ந்து வாசித்து அதன் உள்நோக்கத்தை வெளிக்கொணர்தலே விமரிசகனின் தொழில் எனின், அத்தொழிலுக்கு இதனினும் அவசரமான களம் இன்று அரிது.

7

இனி, நல்ல விளக்கத்துக்கு இன்றியமையாதன யாவை என்பதைத் தொகுத்து நோக்கலாம். கருவி யாது செய்யும் என்பதோடு, எப்பொழுது அதனைப் பயன்படுத்தலாகாது என்பதும் கூறப்படல் வேண்டும். வேண்டும் உள்ளீடு எடுத்துக்காட்டோடு தரப்படல் வேண்டும். கருவி எதனை மாற்றும், எதனை அழிக்கும் என்பது மறைவின்றி இருத்தல் வேண்டும். செயல் தவறினால் யாது நிகழும், அடுத்துச் செய்யத்தக்கது யாது என்பதைத் தவறுச் செய்தியே அறிவித்தல் வேண்டும். யுனிக்ஸ் கைந்நூல் காட்டிய வழியில் அறிந்த வழுக்களை ஒப்புக்கொள்ளல் வேண்டும். இவை யாவும் எழுதப்பட்டனவா என்பதை எழுதியவரே அறிய முடியாது. 'எல்லாருக்கும் தெரிந்தது' எது என்பது அவர் கண்ணுக்குத் தென்படாது. எனவே விளக்கத்தை வேற்றுத்துறையினர் ஒருவரிடம் கொடுத்து, வினா எதற்கும் விடை கூறாது, அவர் இடறும் இடங்களைக் குறித்துக்கொள்க. முகவரிடம் கொடுத்தும் அவ்வாறே செய்க. ஒவ்வோர் இடறலும் அப்பக்கத்தின் மீது எழுதப்பட்ட ஒரு விமரிசனக் குறிப்பாகும்.

எங்கள் நண்பர் இம்முறையை ஏற்றுக்கொண்டார். மூலக்கோப்பின் மேல் எழுதும் அமைப்பை அவரே நீக்கினார். விளக்கத்தை நாங்கள் நால்வரும் கூடி எழுதினோம். அது வருமாறு:

'பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்ட வெறும் எழுத்துக்கோப்பை யுனிகோட் தமிழுக்கு மாற்றும். கோப்பு முழுவதும் தமிழாக இருந்தால் மாத்திரம் பயன்படுத்துக. ஆங்கிலம் கலந்த கோப்பிற் பயன்படுத்தற்க. ஆங்கில எழுத்துகளையும் பாமினி எனக் கொண்டு சிதைத்துவிடும். மூலக்கோப்பை மாற்றாது, விடையைப் புதிய கோப்பில் எழுதும். கோப்பில் யுனிகோட் தமிழெழுத்து ஒன்றேனும் காணப்பட்டால், மாற்றாது நின்று காரணத்தைக் கூறும். அறிந்த வழு: பாமினியையும் ஆங்கிலத்தையும் இக்கருவியால் வேறுபடுத்தி அறிய இயலாது.'

இதில் அழகு எதுவும் இல்லை. எனினும் ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னும் நாங்கள் இழந்த ஏதோ ஒன்று நிற்கின்றது. மீண்டும் முகவரிடம் இதனைக் கொடுத்தபோது, அது கலப்புக் கோப்புகளைத் தொடாது ஒதுக்கி, அவற்றின் பட்டியலை எங்களிடம் தந்து, இவற்றை என்ன செய்வது என்று வினவியது. அடுத்த வாரம் முதலாம் வருட மாணவி ஒருவர் அதே விளக்கத்தை வாசித்து, எங்களுள் எவரையும் தேடி வராமலே தம் பாட்டனாரின் கட்டுரைகளை மாற்றிக்கொண்டார். அவர் எங்களைச் சந்தித்தது, பணி முடிந்தபின், நன்றி கூறுவதற்கே.

முகவருக்கென எழுதிய அப்பக்கம் அவருக்கும் போதுமானதாக இருந்தது. அவரைப் போன்ற ஒரு வாசகரை முதலிலேயே மனத்திற் கொண்டு எழுதியிருந்தால், அப்பதினொரு கோப்புகளும் இன்று நம்மிடம் இருந்திருக்கும்.